கையில் பலம் போதவில்லையா, படுக்கும் இடம் சரியில்லையா?

கடலூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். வயது 41, எடை 68 கிலோ, அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. நீச்சல் தெரியும், ஆனால் கற்றது நீச்சல் குளத்தில். ஆடி மாதம் முதல் ஞாயிறுதோறும் விடியற்காலை பஸ் பிடித்து, மகனுடன் புதுச்சேரிக்கு வடக்கே செரினிட்டி கடற்கரைப் பக்கம் சர்ஃபிங் வகுப்புக்குப் போகிறார். 14 வயது மகன் முதல் நாளே பலகையில் எழுந்து நின்றுவிட்டான். இவரும் பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் நிற்கிறார். பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் தண்ணீரைத் துழாவித் தானாக அலையைப் பிடிக்கப் போனால் இரண்டில் ஒன்று நடக்கிறது: பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீரில் குத்திக் குப்புறக் கவிழ்கிறது, இல்லையென்றால் அலை இவரைக் கண்டுகொள்ளாமல் அடியில் புகுந்து போய்விடுகிறது. "குப்புற விழுவதற்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். வலது தோளில் வலி. ஒருமுறை பலகை இடித்து விலாவில் கன்றிப்போனது. வகுப்பு முடிந்த மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

அவர் கேட்பவை இவை. கையில் பலம் இல்லாததுதான் காரணம் என்றால் ஜிம்மில் சேரலாமா? நண்பர் ஒருவர் 6 அடி 2 அங்குலப் பலகையை மலிவாகத் தருகிறார், வாங்கலாமா? அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அதை வைத்துக்கொண்டு கடலூர் வெள்ளிக் கடற்கரையில் தனியாகப் பழகினால் செலவு மிச்சமாகுமே? வகுப்புக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்வது சரிதானா? கடைசியாக, "இந்த வயதில் கடலில் விழுந்து எழ வேண்டுமா" என்று கேட்கும் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். 41 வயதில் தாராளமாகக் கற்கலாம். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவர் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள். ஆனால் அவருடைய கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் டிசம்பர் திட்டத்தைப் படித்தபோது நானும் அவர் கட்சிக்கு மாறிவிட்டேன். அதைப் பிறகு பேசுவோம்.

கையில் பலம் இல்லை என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? அலையோடு ஓடிப் போட்டி போட வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். கரையருகே அலையின் வேகத்தைத் தண்ணீரின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. கணித ஆசிரியையிடம் சூத்திரத்தையே சொல்லலாம்: ஆழத்தை மீட்டரில் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3.1 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 3.8 மீட்டர். படுத்தபடி துழாவும் புதியவர் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அதுவே அதிகம். போட்டி வீரர்கள் மூச்சைப் பிடித்துத் துழாவினால்கூட 2 மீட்டரை ஒட்டித்தான் போகிறார்கள். ஆக, எந்த ஜிம்மில் சேர்ந்தாலும் அலையின் வேகத்தை உங்கள் கை எட்டாது. எட்டவும் வேண்டியதில்லை. மெதுவாகப் போகிற டவுன் பஸ்ஸில் தொற்றுகிறவர் நான்கடி கூடவே ஓடிக் கம்பியைப் பிடிக்கிறார், மீதி வேகத்தைப் பஸ் கொடுத்துவிடுகிறது (அதைச் செய்யச் சொல்லவில்லை, அதனால் முழங்கால் உடைந்து வருகிறவர்களையும் நான்தான் பார்க்கிறேன்). இங்கே மீதி வேகத்தைக் கொடுப்பது அலையின் சரிவு. பின்பக்கம் உயரும்போது பலகை சரிவில் இறங்கத் தொடங்க வேண்டும். துழாவுவது அந்த நொடியில் பலகை தேங்கி நிற்காமல் இருப்பதற்காக.

இப்போது பயிற்சியாளர் தள்ளும்போது மட்டும் ஏன் நிற்க முடிகிறது என்று பாருங்கள். உங்களுக்கு எழுந்து நிற்கத் தெரிகிறது; அதில் ஐயமே இல்லை. அவர் தள்ளுகிறபோது வேகத்தோடு வேறு மூன்று வேலைகளையும் சேர்த்துச் செய்துவிடுகிறார். எந்த அலை என்று தேர்ந்தெடுக்கிறார், எப்போது புறப்பட வேண்டும் என்று முடிவு செய்கிறார், பலகையின் வாலை, அதாவது பின்முனையை, அழுத்தி மூக்கு குத்தாமல் பார்த்துக்கொள்கிறார். இந்த மூன்றையும் நீங்கள் ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. மகனுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நீங்கள் படுக்கும் அதே எட்டடிப் பலகையில் அவனுடைய எடைக்கு மிதப்பு மிகையாக இருக்கிறது. சிறு பிழைகளைப் பலகையே மன்னித்துவிடும். அவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். அவனும் தள்ளிவிடாமல் பிடிக்கிறானா என்று அடுத்த வாரம் கவனியுங்கள்.

மூக்கு குத்துவதும் அலை நழுவுவதும்

இவற்றை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் வரிசையைப் பார்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்திருப்பது தெரிகிறது. முதல் சில வாரங்கள் மூக்கு குத்தியது. ஒருநாள் விலாவில் அடிபட்டது. அதற்குப் பிறகுதான் "அலை அடியில் போய்விடுகிறது" என்ற புகாரே வருகிறது. பயத்தில் உடம்பு தானாகவே ஒரு சாண் பின்னால் நகர்ந்து படுத்திருக்கும். பின்னால் படுத்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், வால் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும், எவ்வளவு துழாவினாலும் பலகை ஓடாது. களைப்பு மிஞ்சும். அந்தக் களைப்பைத்தான் பலவீனம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இதற்கு மருந்து எளியது. அலை இல்லாத இடத்தில், அல்லது இரண்டு அலைக் கூட்டங்களுக்கு நடுவே கடல் அடங்கும்போது, பலகையில் படுத்து முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். மூக்கின் நுனி தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்கும் இடம் ஒன்று கிடைக்கும். அங்கே உங்கள் மோவாய் பலகையில் எங்கே வருகிறதோ அந்த இடத்தில் ஒரு வண்ண நாடாவை ஒட்டிவிடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் அங்கேதான் படுக்க வேண்டும். அலை வந்து தூக்கும்போது மூக்கு இறங்குவதுபோல் தோன்றினால் பின்னால் சறுக்காதீர்கள். படுத்த இடத்திலேயே மார்பை உயர்த்துங்கள். கண் கரையைப் பார்க்கட்டும். உங்களைப் போல் ஒருமுறை குத்து வாங்கியவர்கள் எல்லோரும் மூக்கையே உற்றுப் பார்க்கிறார்கள்; தலை தாழ்கிறது, மார்பு தாழ்கிறது, மூக்கும் கூடவே இறங்குகிறது.

இன்னொரு வழக்கமான பிழை, அலை தொட்டதும் துழாவுவதை நிறுத்திவிடுவது. பின்பக்கம் உயர்கிறது, "பிடித்துவிட்டேன்" என்று மனம் சொல்கிறது, கை நின்றுவிடுகிறது, அலை நழுவுகிறது. தூக்கியதை உணர்ந்த பிறகு இரண்டு மூன்று முறை அழுத்தமாகத் துழாவுங்கள். பலகை தானாகச் சறுக்குகிறது என்று தெரிந்ததும் உள்ளங்கைகளை விலா எலும்புகளுக்குப் பக்கத்தில் பலகையின் மேல் தட்டையாக ஊன்றி எழுங்கள். ஓரங்களைக் கவ்விப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பலகை ஆடும், கவிழும்போது கையும் விலாவும் அதன்மேலேயே மோதும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் விலாவில் அடிபட்டதும் அப்படித்தான். முழங்காலை ஊன்றி எழும் பழக்கம் இருந்தால் அதையும் வீட்டுப் பாயிலேயே விட்டுவிடுங்கள். கடலில் போய்த் திருத்துவது கடினம்.

பயிற்சியாளர் செய்துவிடும் அந்த மூன்று வேலைகளில், எந்த அலை என்று தேர்ந்தெடுப்பதுதான் கடினமானது. அதற்குக் குறுக்கு வழி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு வகுப்பில் கால் மணி நேரமாவது கரையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் நீளமாகச் சுவர்போல் எழுந்து மொத்தமாக மடியும் அலையை விட்டுவிடுங்கள். நீங்கள் பிடித்தாலும் அதில் போக இடமில்லை. ஒரு முனையில் உடைந்து மறுமுனைக்குப் பரவும் அலையே உங்களுக்கு வேண்டியது. வாய்க்கும் அலைக்கெல்லாம் பாயாமல், மூன்றில் ஒன்றுக்குப் புறப்பட்டால் தோளும் பிழைக்கும். அலை உடைகிற உச்சிக்கு மிக அருகே இருப்பவருக்கே அந்த அலை உரியது என்பது உலகெங்கும் சர்ஃபிங்கில் உள்ள வழக்கம். ஏற்கெனவே ஒருவர் எழுந்துவிட்ட அலையில் குறுக்கே புகாதீர்கள்.

அந்தச் சின்னப் பலகை வேண்டாம்

நண்பர் நல்ல மனதோடுதான் தருகிறார். ஆனாலும் வாங்காதீர்கள். பலகையை நீளத்தைவிட லிட்டர் கணக்கில் பாருங்கள். அதுதான் மிதப்பின் அளவு. தொடக்கத்தில் உங்கள் எடையில் எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லிட்டராவது வேண்டும், கூட இருந்தால் நல்லது. இப்போது வகுப்பில் தரும் எட்டடி மென்பலகை அந்தக் கணக்குக்குள் வருகிறது. 6 அடி 2 அங்குல மெல்லிய பலகை பெரும்பாலும் 30 லிட்டர் அளவில்தான் இருக்கும். நீங்கள் படுத்தாலே பாதி மூழ்கும். அலையை இன்னும் தாமதமாக, இன்னும் செங்குத்தான இடத்தில்தான் அது பிடிக்கவிடும். அங்கேதான் மூக்கு குத்தும். மென்பலகை இடித்தால் கன்றிப்போகும். கண்ணாடியிழைப் பலகையின் கூரான மூக்கும் அடியில் இருக்கும் மீன்துடுப்பு போன்ற தகடும் சதையைக் கிழிக்கும். தையல் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மிச்சம் பிடிக்கும் பணத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

தோள், விலா, இடுப்பு

வாரம் ஐந்து நாள் கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதுகிறீர்கள். ஆறாம் நாள் ஓய்வு, ஏழாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே தோளைச் சுழற்றுகிறீர்கள். மார்பைப் பலகையில் ஒட்டவைத்துத் துழாவும்போது தோள் மூட்டின் மேற்பகுதியில் உள்ள தசைநார் எலும்புக்கு அடியில் நசுங்குகிறது. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும்போது வலிக்கிறது, முழுக்க உயர்த்திய பின் வலி குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தக் கோளாறின் வழக்கமான அடையாளம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று வாரம் துழாவுவதை நிறுத்துங்கள். வகுப்புக்குப் போகலாம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நுரையாக வரும் அலையில் தள்ளிக்கொண்டு ஏறிப் பழகலாம். வீட்டில் தினமும் குப்புறப் படுத்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, தோள்பட்டை எலும்புகளை முதுகுப்பக்கம் ஒன்றுசேர்த்து மார்பை இலேசாக உயர்த்திப் பத்து நொடி நிறுத்துங்கள். ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியும் நல்லது. ஜிம்முக்குக் கட்டும் பணம் இதற்குத் தேவையில்லை.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். "இதற்குமேல் வேண்டாம்" என்று தோள் சொல்வதை அது உங்களுக்குக் கேட்காமல் செய்துவிடும். போதாக்குறைக்கு, விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு வெயிலும் உப்புத் தண்ணீரும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் இது நல்ல சேர்க்கை அல்ல.

மறுநாள் வந்து ஓரிரு நாளில் போய்விடும் இடுப்பு வலி பெரும்பாலும் தசைப் பிடிப்புதான். ஆனால் எல்லாப் புதியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய அபூர்வமான ஆபத்து ஒன்று உண்டு. பழக்கமில்லாதவர்கள் நெடுநேரம் குப்புறப் படுத்து முதுகைப் பின்னோக்கி வளைத்தே இருக்கும்போது, அடி எதுவும் படாமலேயே தண்டுவடத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபட்டுவிடலாம். ஹவாயில் புதிதாகச் சர்ஃபிங் கற்றவர்களிடம் கண்டு 2004இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பலகையில் இருக்கும்போதே திடீரென்று முதுகு வலித்து, கால் மரத்துப்போனாலோ தளர்ந்தாலோ, பிறகு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அங்கிருந்து நேரே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை உங்கள் மகனுக்கும் சொல்லிவையுங்கள். தடுக்கும் வழி எளிது: அலைக்குக் காத்திருக்கும்போது படுத்தே கிடக்காமல் பலகையின்மேல் எழுந்து உட்காருங்கள்.

விழுவதையும் கற்க வேண்டும். அலை பெரும்பாலும் தன் உயரத்தைப்போல் 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்தில் உடைகிறது. முக்கால் மீட்டர் அலை உடையும் இடத்தில் ஒரு மீட்டர்தான் தண்ணீர், அதற்கடியில் இறுகிய மணல். தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு தாங்காது. பலகையை விட்டு விலகி, பக்கவாட்டிலோ பின்புறமாகவோ, உடம்பைத் தட்டையாக்கி விழுங்கள். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். பலகை தலைக்கு நேரே இருக்கலாம். காலில் கட்டும் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவே பலகை ஒருபோதும் இருக்கக் கூடாது.

டிசம்பரில், தனியாக, வெள்ளிக் கடற்கரையில்

இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடல் கலங்கிப் பல திசைகளிலிருந்து அலை வரும். அதில் தேர்ச்சி பெற்றவர்களே திணறுவார்கள். தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. அதாவது நீங்கள் சொல்லும் அதே விடுமுறைக் காலத்தில். 2024இல் ஃபெஞ்சல் வந்தது நவம்பர் 30. புயல் இல்லாவிட்டாலும் மழைக்குப் பிறகு தேவனாம்பட்டினம் அருகே கெடிலமும், வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணையும் ஊர் அழுக்கையும் மரக்கட்டைகளையும் கடலில் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரத்தை ஒட்டி வெளிப்பக்கம் இழுக்கும் ஓட்டம் பலமாக இருக்கும். குளத்தில் கற்ற நீச்சல் அங்கே கைகொடுக்காது. அப்படி ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல் பற்றிக்கொண்டு, கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் போய் ஓட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டும். செரினிட்டி பக்கம் கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இதே இழுப்பு உண்டு. கற்கள் பக்கம் ஒதுங்குவது பாதுகாப்பு என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

சொந்த ஊரில் பழக வேண்டும் என்ற ஆசை நியாயமானது. மார்ச்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் அலைகள் ஓரளவு சீராக இருக்கும். காலையில் கடற்காற்று கிளம்புவதற்கு முன் நீர்மட்டம் வழவழப்பாக இருக்கும். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் அலை உயரத்தையும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. முந்தின இரவே பார்த்துவிடுங்கள். காற்றே இல்லாத நாளிலும் கள்ளனைப்போல் சொல்லாமல் பேரலை வரும் என்பதால்தான் கள்ளக்கடலுக்கு அந்தப் பெயர். தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர்களிடம் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். படகு கரையேறும் பாதையை விட்டு விலகியே இருங்கள். தனியாக மட்டும் வேண்டாம். சர்ஃபிங் தெரிந்த இன்னொருவர் தண்ணீரில் இருக்க வேண்டும். கரையில் நின்று கைபேசியில் படம் எடுக்கும் மகன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் பயிற்சியாளரிடம் எதுவும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆபத்தை அறிந்தே வருகிறேன் என்பதற்கான கையெழுத்து அது; கவனிப்பை விட்டுக்கொடுத்ததற்கான கையெழுத்து அல்ல. கட்டணம் வாங்கித் தரும் சேவை என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்கு உண்டு, அதற்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். என் யோசனை அதைவிடச் சிறியது. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள், முதலுதவி யாருக்குத் தெரியும், தோள் வலி இருப்பவருக்கு என்ன மாற்றம் செய்வார்கள் என்று கேளுங்கள். பிறகு, மூன்று வாரம் கழித்துத் துழாவத் தொடங்கும்போது, "இன்று தள்ளிவிடாதீர்கள், பக்கத்தில் நின்று எப்போது புறப்பட வேண்டும் என்று மட்டும் குரல் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அடுத்த கட்டத்தில் அந்தக் குரலையும் நிறுத்தச் சொல்லி, நீங்களே சத்தமாக "இப்போது" என்று சொல்லிப் புறப்படுங்கள்; உங்கள் கணிப்பு எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்று அவர் சொல்வார்.

மூன்று வாரத்திலும் தோள் அடங்காவிட்டால், அந்தப் பக்கமாகப் படுக்க முடியாமல் இரவில் வலி எழுப்பினால், அல்லது சுண்ணக்கட்டியைப் பிடித்த கை தானாக இறங்கினால், புதுச்சேரி வரை வர வேண்டாம். கடலூரிலேயே ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.